நீலம் கூடிப்போன வீடுகள்

புதிதாகப் பெயின்ற் அடித்த வீட்டுக்குள் கூட்டிப்போனால் ராத்தா உடனே கதிரையில் இருக்கமாட்டார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஹோலின் நடுவில் நின்று ஒவ்வொரு சுவராகப் பார்ப்பார். வீட்டுக்காரப் பெண் தேத்தண்ணிக் கோப்பையை ஏந்திக்கொண்டு நிற்பாள். நிறம் சரியென்றால் ராத்தா இருப்பார், குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். பிழையென்றால், "இதுக்குள்ள எனக்குத் தேத்தண்ணி இறங்காதுகா. வெளிய கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வாசற்படிக்கு வந்துவிடுவார். சொல்லப்பட்டவள் அன்றைக்குச் சோறு தின்னமாட்டாள்.

"கொஞ்சம் பாத்துக் கதைச்சா என்ன ராத்தா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாத்துத்தானே கதைச்சன்" என்றார்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. இரத்த உறவு எதுவும் இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு ராத்தா. எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்கு அவர் பெயின்ற் ராத்தா. இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். அவரைப்பற்றிக் கதைக்கிறவர்கள் அந்தத் தேத்தண்ணிக் கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சிலருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மூன்று பெண் என்றால் மூன்று வீடு. அத்திவாரம் போடும்போது கறுப்புத் தலையோடு இருந்த வாப்பா, கூரை ஏறும்போது நரைத்துப்போயிருப்பார். நிறம் என்ற கதை வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அந்த நேரம் வீட்டில் எவருக்கும் மூச்சு இருக்காது. கடைக்காரர் காட்டுகிற அட்டையில் ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்வார்கள். ராத்தா அந்தக் களைப்புக்கு இரக்கம் காட்டாத மனுசி.

"கலர் பொறவு. இந்த அறைக்குள்ள ஆரு இரிக்கப்போறா, அதச் சொல்லுங்க" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. காலையில் இருப்பவரா, பின்னேரம் இருப்பவரா? சமைப்பவரா, ஓதுபவரா, படுத்த படுக்கையாகக் கிடப்பவரா? கடல் பக்கத்து யன்னலென்றால் சுபஹுக்குப் பின்னால் வருகிற காலை வெயில் ஒரு மாதிரி, வயல் பக்கத்து யன்னலென்றால் அஸருக்குப் பின்னால் வருகிற பின்னேர வெயில் வேறு மாதிரி என்பார். பின்னேர வெயில் அடிக்கிற அறைக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் பூசினால் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி இருக்கும், அங்கே பச்சையும் நீலமும் கலந்த குளிர்ந்த நிறம் வேண்டும் என்பார். இதையெல்லாம் அவர் கத்தாரில் படித்திருந்தார். கணவர் அங்கே வேலை செய்தபோது கூடப் போயிருந்து, பெண்களுக்கான நிலையமொன்றில் வீட்டு அலங்காரம் பழகியவர். ஆனால் படித்த சொற்களில் சொல்லமாட்டார்.

"சோறு, கறி, சம்பல். அவ்வளவுதான். சுவர் சோறு. அது நிறையக் கிடக்கும், ஆனாக் கத்தப்படாது. திரச்சீல, சோபா எல்லாம் கறி. சம்பல் எண்டு ஒரு தலகாணி, ஒரு பூச்சாடி. நம்மட ஆக்கள் சம்பலச் சுவரெல்லாம் பூசிப்போட்டுக் கண் எரியிது எண்டு சொல்றாங்க."

என் வீட்டுக்கு அவர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் கணிதம் படிப்பிக்கிற டீச்சர். பாடசாலை, பின்னேர வகுப்பு, குசினி என்று ஓடி முடிந்து படுக்கையில் விழும்போது ஒரு எரிச்சல் வரும். ஏனென்று தெரியாது. அறைக்கு நல்ல வெள்ளைதான் அடித்திருந்தோம். ராத்தா கட்டிலில் இருந்துகொண்டு சுவர்களைப் பார்த்தார். பிறகு எழுந்து யன்னலைத் திறந்தார். யன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், என் சொந்த ராத்தாவின் வீட்டுச் சுவர். உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் கட்டிய வீடுகள் அவை. அவள் வெளிச்சுவருக்குத் தோடம்பழச் செம்மஞ்சள் அடித்திருந்தாள்.

"வெயில் அங்க பட்டு இஞ்ச வருது. ஒங்கட வெள்ளச் சுவர் அதக் குடிச்சிட்டு நிக்கிது. வெள்ளைக்கு எண்டு சொந்தமா ஒண்டும் இல்ல, பக்கத்துல உள்ளவங்கட நிறத்தத்தான் காட்டும்" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், "ஒங்கட சுவர் தங்கச்சிட கட்டில்ல வந்து படுத்துக் கிடக்கு" என்று சொல்லிவிட்டார். என் சகோதரி ஒரு நோன்பு மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பவில்லை. என் அறைக்கு ராத்தா சாம்பல் கலந்த ஒரு மங்கல் பச்சையைத் தெரிந்து தந்தார். செம்மஞ்சளில் இருக்கிற சிவப்புக்குப் பச்சை எதிர், எதிர் நிறம் கொஞ்சம் சேர்ந்தால் அந்தச் சூடு அடங்கும் என்றார். அடங்கியது. படுத்தால் தூக்கம் வந்தது. கஞ்சி வரத்தான் நாளாயிற்று.

என்னிடம் ஸ்கூட்டி இருந்ததால் ராத்தாவின் போக்குவரத்து என் தலையில் விழுந்தது. வகுப்பு முடிந்து வந்து அபாயாவைக் கழற்றுமுன் வாசலில் நிற்பார். "புள்ள, கல்முனை வரைக்கும் ஒரு எட்டு." மாட்டேன் என்று சொல்லக் கூடச் சக்தியில்லாமல் போவேன். வழியில் தெரிகிற வீடுகளை எல்லாம் என் காதுக்குள் திட்டிக்கொண்டு வருவார்.

ராத்தாவில் ஏதோ மாறுவதை முதலில் கண்டவர் அவருடைய கணவர்தான். ஆனால் அவர் வாய் திறக்கிற ஆள் இல்லை. கத்தாரிலிருந்து வந்த பிறகு, ஐந்து நேரமும் தொழப் பள்ளிக்குப் போவதும் வளவில் கத்தரி நடுவதுமாக இருந்தார். ஜும்ஆவுக்கு வெள்ளைச் சேட்டுத்தான் போடுவார். ராத்தா அந்தச் சேட்டுகளைத் தோய்த்துக் கொடியில் போடும்போதெல்லாம், "மஞ்சளடிச்சுப் போச்சு, மஞ்சளடிச்சுப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்ப எடுத்து, துணிக்குப் போடுகிற நீலத்தில் முக்குவார். ஒரு வெள்ளிக்கிழமை அந்த மனிதர் பள்ளியிலிருந்து வருவதைக் கண்டேன். சேட்டு, வானத்தில் ஒரு துண்டை வெட்டித் தைத்தது போல இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு லேசாகச் சிரித்தார்.

ராத்தாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. அதனால் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. ஒரேயடியாக மறைந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அது மெதுவாக, தேத்தண்ணிச் சாயம் ஏறுகிற மாதிரி, பார்க்கிற எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றியது. உலகம் கொஞ்சம் அழுக்காகிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார்.

அது ஒரு கலியாண வீட்டில் வெளியே வந்தது.

ஒலுவில் துறைமுகத்தில் படகு வைத்திருந்த ஒருவர், கடைசி மகளுக்கு வீடு கட்டி முடித்திருந்தார். பொண்ணின் அறைக்கு நிறம் சொல்லும்படி ராத்தாவைக் கேட்டார்கள். பால் ஆடை நிறம் என்று ராத்தா முடிவு செய்தார். கடையில் கலந்து காட்டியபோது, "மஞ்சள் கூடிப்போச்சு, குறைங்க" என்றார். திரும்பக் கலந்தார்கள். இன்னும் குறைக்கச் சொன்னார். நீலச் சாயத்தில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் களைத்துப்போய் வாசலில் ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன். ராத்தா சொன்னால் அதற்கு மேல் யார் என்ன சொல்வது?

அறை முழுக்கப் பூசிக் காய்ந்த பிறகு, கலியாணத்துக்குக் கிட்டிய நாளொன்றில், எங்களுக்கு ஆள் வந்தது. போனோம். அறை வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். உள்ளே போனோம். சுவர் நான்கும் வெளிறிய நீலமாய், ஆஸ்பத்திரியின் உள் அறை போலக் குளிர்ந்து கிடந்தன. பொண்ணின் மாமி ஒருத்தி மெதுவாகச் சொல்ல நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கலியாண அறையா இது? மையத்துக் குளிப்பாட்டுற இடம் மாதிரிக் கிடக்கு."

பிணம் கழுவுகிற இடம் என்றதும் பொண் விம்மத் தொடங்கினாள். உம்மாக்காரி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

ராத்தா நடுவில் நின்று ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். "நல்லாத்தானே இரிக்கி. ஆடை நிறம். இதவிட என்ன வேணும்?" என்றார். அவர் முகங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து என் கையைப் பிடித்தார்.

"புள்ள, உண்மையச் சொல்லு. இது என்ன நிறம்?"

"நீலம் ராத்தா."

"எவ்வளவு நீலம்?"

"நல்ல நீலம்."

அவர் கை என் கையில் கொஞ்சம் கனத்தது. பெயின்ற் அடித்த பாஸைக் குறை சொல்வார், கடைக்காரரைக் குறை சொல்வார் என்று நினைத்தேன். பொண்ணின் உம்மாவிடம் போய் நின்றார்.

"சுவர்ல பிழை இல்ல, பாஸ்லயும் பிழை இல்ல. என்ட கண்ணுல பிழை. நான் வேற என்னத்தையோ பாத்திரிக்கன். மன்னிச்சிக்கங்க." பிறகு கைப்பையிலிருந்து நிற அட்டைகளின் கட்டை எடுத்துப் பொண்ணின் மடியில் வைத்தார். "நீங்க பாருங்க மகள். ஒங்களுக்கு எது புடிக்கிதோ அது."

பொண் ஒரு வெளிர் ரோசா நிறத்தைக் காட்டினாள். பாஸும் அவருடைய ஆட்களும் இருந்து திரும்பப் பூசினார்கள். கலியாணம் நல்லபடியாக நடந்தது. ராத்தாவுக்கும் அழைப்பு வந்தது. அவர் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து, அது ஆறிய பிறகு மற்றதையும் செய்தார்கள். முதல் கண்ணின் கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று நானும் போயிருந்தேன். பின்வளவில் கொடியில் சேட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ராத்தா குசினி வாசலில் நின்றுவிட்டார்.

"இதையா உடுத்துப் பள்ளிக்குப் போனீங்க?"

"ஓம்" என்றார் கணவர்.

"ஆக்கள் ஒண்டும் சொல்லல்லையா?"

"சொன்னாங்க. நீ பாத்துப் பாத்துப் போட்ட நீலம்தானே எண்டு நான் உடுத்தன்."

ராத்தா கொடியிலிருந்து ஒரு சேட்டை இழுத்தெடுத்தார். சுருட்டி முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் இருந்துவிட்டார். புதுக் கண்ணில் தண்ணீர் படக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

அதன் பிறகுதான் அந்த அலைச்சல் தொடங்கியது. கண் மங்கிக்கொண்டுவந்த காலத்தில் நிறம் சொன்ன வீடுகளையெல்லாம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். "என்னத்துக்கு ராத்தா? முடிஞ்சத மறுகா ஏன் கிண்டுறீங்க?" என்றேன். "பாக்காம இரிக்க ஏலாது" என்றார். அவ்வளவுதான்.

மருதமுனையில் ஒரு வீட்டில் எப்போதோ வேறு நிறம் பூசிவிட்டிருந்தார்கள். நாங்கள் போனதும் வீட்டுக்காரி பதறிப்போய், மழையில் சுவர் பழுதாகிவிட்டது என்று சொன்னாள். மழை படாத உள்சுவர் அது. நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டில், அந்தச் சுவரை மறைத்து ஒரு பெரிய அலுமாரியை நிறுத்தியிருந்தார்கள். ராத்தா ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னார். என் கண் பிழை, மன்னிச்சிக்கங்க. அவர்கள் பரவாயில்லை என்றார்கள். பரவாயில்லை என்பதைக் கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. மற்றவர்கள் தன்னிடம் பார்த்துக் கதைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

கடைசியாகப் போனது காரைதீவில் ஒரு தையல்காரப் பெண்ணின் வீடு. தனியாக இருக்கிற தமிழ்ப் பெண். கலியாணச் சேலைகளுக்கு ரவிக்கை தைப்பதில் அவருக்கு நல்ல பெயர். எங்கள் முஸ்லிம் ஊரிலிருந்தும் போவார்கள். அவருடைய தையல் அறைக்கு ராத்தா சொன்னது, எந்தப் பக்கமும் சாயாத வெள்ளை. "துணி பாக்கிற அறையில சுவர் வாய் திறக்கப்படாது" என்று அப்போது விளக்கம் வேறு சொன்னார்.

போய்ப் பார்த்தால் அந்த அறையும் நீலம். பகலிலும் ஒரு மாதிரி மழை மூட்டமாய் இருந்தது. மிஷினில் துணி இல்லை. மூலையில் பாடசாலை வெள்ளைச் சட்டைகள் மட்டும் அடுக்கிக் கிடந்தன. அந்தப் பெண் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார்.

ராத்தா சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். அந்தப் பெண் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தன் விரல்களைப் பார்த்தார்.

"இத இப்ப வந்து சொல்றீங்களே அக்கா" என்றார். "பூசின அன்டைக்கே எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சது. ஆனா வெள்ளை எண்டு சொன்னது நீங்க. நீங்க சொன்னாச் சரியா இரிக்கும் எண்டு நான் என்ட கண்ணத்தான் பிழை எண்டு நினைச்சன். மறுகா ஒரு பொண்ணுட ரவிக்கைக்கு நூல் மாறிப்போச்சு. இன்னொண்டும் மாறிச்சு. கண்ணக் காட்டிக் கண்ணாடி வாங்கினன். அதோடயும் சரி வரல்ல. கலர்த் துணி எடுக்கிறதயே விட்டுட்டன். இப்ப வெள்ளச் சட்டை மட்டும்தான் தைக்கிற."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. களைத்தவர்கள் கதைக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைத்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். ராத்தா எழும்பவில்லை.

"நூல் பெட்டி இரிக்கா?" என்று கேட்டார்.

"இரிக்கி. ஏன்?"

"எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. துணித் துண்டுகளையும் எடுங்க. கண்ணாடியக் கழட்டுங்க."

வாசலில் வேப்பமர நிழலைத் தாண்டி, நல்ல வெளிச்சத்தில் பாயை விரித்தோம். அந்தப் பெண் பழைய வெட்டுத் துண்டுகளை ஒரு பையிலிருந்து கொட்டினார். பட்டுத் துண்டுகள், நாவல், மாதுளை, கிளிப்பச்சை, மயில்கழுத்து. ராத்தா ஒரு துண்டை எடுத்து வைத்தார். அந்தப் பெண்ணின் கை நூல் கட்டைகளுக்கு மேலே நின்றது. பயந்து பயந்து ஒன்றை எடுத்துத் துண்டின்மேல் வைத்தார்.

ராத்தா குனிந்து பார்த்தார். "சரி."

அடுத்த துண்டு. நூல். "சரி." அடுத்தது. "சரி." மயில்கழுத்துத் துண்டு வந்தபோது இரண்டு நூலை எடுத்து, ஒன்றை வைத்து, மற்றதைத் தள்ளினார் அந்தப் பெண். ராத்தா இரண்டையும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

"நீங்க எடுத்ததுதான் சரி. உள்ள அந்தச் சுவர் நீலம் நூல்ல பட்டு நிறத்த மாத்திக் காட்டியிரிக்கி. ஒங்கட கண்ணுல ஒரு பிழையும் இல்ல. அது எப்பயும் இருந்ததில்ல."

அந்தப் பெண் நூல் கட்டையை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டார். அழுகை முதலில் சத்தமில்லாமல் வந்தது, பிறகு சத்தத்தோடு வந்தது. ராத்தா பக்கத்தில் இருந்து, சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த அறைக்கு என்ன நிறம் வேணும்?" என்று கடைசியில் கேட்டார்.

"வெள்ளைதான். ஆனா எது வெள்ளை எண்டு நானே பாத்துச் சொல்றன்."

அன்றே பெயின்ற் கடைக்குப் போனோம். அந்தப் பெண் தன் சைக்கிளில் முன்னால் போனார். கடைக்காரர் வெள்ளை அட்டைகளை விரித்தார். எங்கள் பக்கத்தில் வெள்ளை என்று சொன்னால் ஒரு கட்டு அட்டை வரும். முட்டைக்கோது, முல்லை, சுண்ணாம்பு, தந்தம் என்று எல்லாம் வெள்ளைதான். ராத்தா உள்ளே வராமல் வாசலில் நின்றார். அந்தப் பெண் ஒரு வெற்றுத் தாளை வாங்கி ஒவ்வொரு அட்டைக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை. கடைசியில் ஒன்றில் விரலை வைத்தார்.

கடைக்காரர் வழக்கம்போல அந்த அட்டையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். "ராத்தா, இது சரியா?"

ராத்தா அட்டையைப் பார்க்கவில்லை. ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, "அவங்கட்டக் கேளுங்க" என்றார்.

திரும்பி வரும்போது வழியில் இருந்த வீடுகளைப்பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. காரைதீவு தாண்டியதும் அவர் தலை என் முதுகில் சாய்ந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. வேகத்தைக் குறைத்தேன்.

"தூங்கிராதீங்க ராத்தா, விழுந்திருவீங்க."

"தூங்கல்ல புள்ள" என்றார். "கண்ண மூடிக்கிட்டு வாறன். நீ ஓட்டு. இன்டைக்குப் பாத்தது போதும்."